கல்லூரியும் கம்பெனியும் சேர்ந்து நடத்தும் டிஜிட்டல் பயிற்சிகள்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துவதோடு பிளேஸ்மென்ட் வேலையையும் பார்த்து வருகிறேன். பிளஸ் டூ முடிவு வந்ததும் பெற்றோர்கள் கேட்பார்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் மாணவர்கள் கேட்பார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அம்பை, முக்கூடல், நாங்குநேரி, வள்ளியூர், சங்கரன்கோவில் என்று எங்கிருந்து பஸ் ஏறி வந்து படித்தாலும் பயன்படட்டும் என்று அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆகிவிட்டாலும் படிப்புக்கும் வேலைக்கும் நமக்கு அதுவும் ஒரே சீமைதான். அதனால் அதையும் சேர்த்தே பேசுகிறேன்.

கல்லூரி வாசலில் "இத்தனை கம்பெனிகளோடு எம்ஓயு" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அதை நம்பிச் சேரலாமா?

எம்ஓயு என்பது புரிந்துணர்வு ஒப்பந்தம். இரண்டு தரப்பும் சேர்ந்து செயல்படுவோம் என்று கையெழுத்துப் போட்டுக்கொள்ளும் தாள். இத்தனை பேருக்கு வேலை தருவோம் என்ற உறுதி பெரும்பாலும் அதில் இருக்காது. எனவே போர்டில் உள்ள பெயர்களை எண்ணிப் பார்த்துப் பயனில்லை. கையெழுத்தான பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். போன வருடம் அந்தக் கம்பெனியிலிருந்து யார் வந்தார்? எத்தனை முறை வந்தார்? மாணவர்கள் தங்கள் கையால் என்ன செய்து முடித்தார்கள்? அதை யார் பார்த்துத் திருத்தினார்?

இந்தக் கேள்விகளுக்குச் சட்டென்று பதில் சொல்லும் கல்லூரியில் எம்ஓயு இரண்டே இரண்டு இருந்தாலும் போதும். பதில் வராத இடத்தில் ஐம்பது இருந்தும் உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அட்மிஷன் அறையில் கேட்பதைவிட, அதே கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடமோ பெண்ணிடமோ கேட்டால் நேரான பதில் கிடைக்கும்.

கம்பெனி கல்லூரிக்குள் வந்து என்னதான் செய்யும்?

அதிகம் நடப்பது, கம்பெனி தன் பாடத்திட்டத்தையும் மென்பொருளையும் கல்லூரிக்குக் கொடுப்பது. சிஸ்கோ நிறுவனம் 1997 முதல் நெட்வொர்க்கிங் அகாடமி என்ற பெயரில் இதைச் செய்கிறது. ஆரக்கிள், அமேசான் வெப் சர்வீசஸ், ரெட் ஹேட் போன்றவையும் இப்படி அகாடமி நடத்துகின்றன. கல்லூரி பதிவு செய்துகொள்ளும். நம் ஆசிரியர் ஒருவர் பயிற்சி எடுத்துவிட்டு வந்து வகுப்பு நடத்துவார்.

இன்னொரு வகை ஆசிரியருக்கே பயிற்சி தருவது. இன்போசிஸ் 2004-ல் தொடங்கிய கேம்பஸ் கனெக்ட் அப்படிப்பட்டது. மத்திய, மாநில அரசுகளும் தொழில்துறையும் சேர்ந்து 2009-ல் உருவாக்கிய ஐசிடி அகாடமி ஆசிரியர் பயிற்சியையே முதன்மையான வேலையாக வைத்துத் தொடங்கியது. மாணவர்களுக்கு நேரடியாக ஒரு வாரப் பட்டறை நடத்துவதைவிட இதுதான் மேல் என்பது என் உறுதியான எண்ணம். பட்டறை முடிந்தால் அந்த பேட்ச்சோடு போய்விடும். ஓர் ஆசிரியர் கிளவுடையோ (இணையம் வழியே கம்ப்யூட்டர் வசதியைப் பயன்படுத்துவது) டேட்டா அனலிட்டிக்ஸையோ (தரவைப் பகுத்துப் பார்ப்பது) ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்தால் அடுத்து வரும் எல்லா பேட்ச்சுக்கும் அது போகும். ஆனால் பயிற்சிக்குப் போகும் ஆசிரியரின் வகுப்புகளை வேறு யாராவது எடுக்க வேண்டுமே! அதற்கு ஏற்பாடு செய்யும் நிர்வாகம்தான் இதில் அக்கறை உள்ள நிர்வாகம்.

மாணவருக்கு அதிகம் உதவுவது, கம்பெனிப் பொறியாளர் ஒருவர் ஒரு செமஸ்டர் முழுக்கக் கூடவே வருவது. சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஆன்லைனில் வந்தாலே போதும். எங்கள் மாணவர்கள் எழுதிய புரோகிராமைத் திறந்து பார்த்த ஒரு பொறியாளர் முதல் நாளே கேட்டது இது: "டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஏன் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறாய்? இந்த ஃபைல் வெளியே போனால் என்ன ஆகும்?" அடுத்து, "பயனர் பெயர் காலியாக இருந்தால் உன் புரோகிராம் என்ன செய்யும், ஓட்டிக் காட்டு" என்றார். ஓட்டியதும் திரை நின்றுபோனது. பரீட்சையில் இந்தக் கேள்விகள் வராது. வேலையில் முதல் வாரமே வரும்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? சும்மாவா செய்வார்கள்?

லாபம் இருக்கிறது, அதில் தவறும் இல்லை. புதிதாகச் சேருகிறவரை வேலைக்குத் தயார் செய்யக் கம்பெனிகள் பல மாதங்கள் சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருகின்றன. அதில் ஒரு பகுதி கல்லூரியிலேயே முடிந்துவிட்டால் அவர்களுக்குச் செலவு மிச்சம். தங்கள் மென்பொருளில் கைபழகியவர்கள் பெருகினால் விற்பனைக்கும் நல்லது. இவை தவிர 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வியும் வேலைத்திறன் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் கல்லூரிகளில் சில கம்ப்யூட்டர் லேப்கள் அந்தப் பணத்தில் வந்தவை.

நான் முதல்வன் திட்டத்தில் இருப்பதும் இதே ஏற்பாடுதானா? அதற்குப் பணம் கட்ட வேண்டுமா?

ஆமாம், அரசே நடுவில் நின்று செய்யும் ஏற்பாடு. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிவைத்தார். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. பொறியியல், கலை அறிவியல், பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர்கள் எல்லோருக்கும் உண்டு. செமஸ்டர் பாடத்தோடு சேர்ந்தே ஒரு திறன் பயிற்சி வரும். அதை மைக்ரோசாப்ட், சிஸ்கோ, சீமென்ஸ், இன்போசிஸ் போன்ற நிறுவனங்களோ அவற்றின் பயிற்சிக் கூட்டாளிகளோ வடிவமைத்திருப்பார்கள். மாணவர் பணம் கட்ட வேண்டியதில்லை.

பெரிய நகரத்துக் கல்லூரிக்கு எந்த அரசும் இல்லாமலே கம்பெனி வரும். மானூர்ப் பக்கமோ வள்ளியூர்ப் பக்கமோ இருக்கும் கல்லூரிக்கு வராது. அந்த இடைவெளியை இந்தத் திட்டம் ஓரளவு அடைத்திருக்கிறது. எனக்குள்ள ஆதங்கம் ஒன்று. பல மாணவர்கள் இதை "வருகைப்பதிவுக்கு ஒரு வகுப்பு" என்று கடத்திவிடுகிறார்கள். கடைசி வாரத்தில் நண்பனின் அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதி முடித்துவிடுகிறார்கள். வெளியே இதே பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், தம்பி. உங்களுக்காக அரசு பணம் கொடுத்திருக்கிறது. உங்கள் துறைக்கு ஒதுக்கிய பயிற்சி பிடிக்கவில்லை என்றால் செமஸ்டர் தொடங்கும் முன்பே துறைத் தலைவரிடம் (ஹெச்ஓடி) பேசுங்கள். தொடங்கிய பிறகு மாற்றுவது சிரமம்.

ஐடிஐ படிக்கும் பையனுக்கும் டிஜிட்டல் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. தமிழக அரசும் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனமும் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களைத் தொழில் 4.0 (கம்ப்யூட்டரும் தானியங்கி இயந்திரமும் சேர்ந்து இயங்கும் உற்பத்தி முறை) தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தை 2022-ல் கையெழுத்திட்டன. மதிப்பு 2,877 கோடி ரூபாய். ரோபோட்டிக்ஸ், டிஜிட்டல் உற்பத்தி, நவீன சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இயந்திரங்கள்), மின்வாகனப் பழுதுபார்ப்பு, தொழிற்சாலைத் தானியங்கிமுறை போன்ற பாடப்பிரிவுகள் அதில் வந்தன.

நம் சீமையில் இது எங்கே பயன்படும் என்று யோசித்துப் பாருங்கள். ராதாபுரம், பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்காணிக்கும் மென்பொருள் உண்டு. எந்த ஆலையில் எந்த சென்சார் தவறாகக் காட்டுகிறது என்று படிக்கத் தெரிந்த டெக்னீஷியன் அங்கே தேவை. கங்கைகொண்டானில் டாடா பவர் குழுமத்தின் சோலார் செல், மாட்யூல் தொழிற்சாலை 4.3 கிகாவாட் திறனுடன் வந்திருக்கிறது. அதில் பெரும்பாலான வேலை தானியங்கி இயந்திரங்களோடுதான். தாழையூத்து சிமென்ட் ஆலையாகட்டும், கூடங்குளம் அணுமின் நிலையமாகட்டும், கண்ட்ரோல் ரூம் முழுக்கக் கம்ப்யூட்டர் திரைதான். டிஜிட்டல் வேலை என்றாலே சென்னை ஓஎம்ஆரில் ஏசி அறையில் கோடிங் செய்வது மட்டும் என்று நினைத்துப் பல பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கும் வாய்ப்பைப் பார்க்காமல் போகிறார்கள்.

பேட்டை அரசு ஐடிஐயில் விண்ணப்பிக்கும்போது புதிய பிரிவுகள் என்னென்ன என்று கேட்டுவிட்டுத் தேர்வு செய்யுங்கள். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

பிளஸ் டூ முடித்ததும் நேரடியாக கம்பெனியிலேயே படிக்கலாம் என்கிறார்களே?

இரண்டு வழிகளைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள்.

ஒன்று ஜோஹோ மென்பொருள் நிறுவனம். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அவர்கள் அலுவலகம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஜோஹோ ஸ்கூல்ஸ் என்ற பள்ளியை 2005 முதல் நடத்துகிறார்கள். பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்கள் தேர்வு எழுதி, நேர்காணல் முடித்துச் சேரலாம். இரண்டு ஆண்டுகள். கட்டணம் இல்லை, மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். புரோகிராமிங், கணிதம், ஆங்கிலம் எல்லாம் சொல்லிக்கொடுத்துப் பிற்பகுதியில் கம்பெனியின் குழுக்களோடு வேலை செய்ய விடுகிறார்கள். முடிவில் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. இதைப் பெற்றோர் தெளிவாகப் புரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டும். பின்னாளில் பட்டம் கேட்கும் அரசுத் தேர்வு எழுத ஆசை இருந்தால் தொலைநிலைக் கல்வியில் தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதனால் கல்லூரி விண்ணப்பத்தையும் கைவிடாமல் இதற்கும் எழுதிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று எச்சிஎல் நிறுவனத்தின் டெக்பீ. பிளஸ் டூவில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்தவர்களுக்கானது. பயிற்சி முடித்து வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பட்டப்படிப்பும் படிக்கலாம். இதற்குக் கட்டணம் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்கள் நான் முதல்வன் வழியாக இதற்குத் தேர்வானதும் நடந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள் முதலில் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

வீட்டில் உடனே வருமானம் தேவைப்படும் பிள்ளைக்கு இந்த வழிகள் பெரிய வரம். படிப்பைக் கொஞ்சம் நிதானமாகத் தொடர வசதியும் ஆர்வமும் இருக்கிற பிள்ளையை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம் என்பேன்.

பி.எஸ்சி., பி.சி.ஏ., பி.காம். படித்தால் இன்ஜினியர்களுக்குப் பின்னால்தானே நிற்க வேண்டும்?

முன்பு அப்படி இருந்தது. இப்போது பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலையோடே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டத்தை விப்ரோ நடத்துகிறது. மற்ற பெரிய நிறுவனங்களும் கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனியாக ஆள் எடுக்க வருகின்றன. பி.காம். மாணவருக்கு ஜிஎஸ்டி, டேலி, எக்செல் மூன்றும் கைவந்தால் பாளை, நெல்லை டவுன் ஆடிட்டர் அலுவலகங்களிலேயே வேலை இருக்கிறது. அங்கிருந்து டேட்டா வேலைக்கு நகருவது பெரிய தூரமில்லை. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கும் கணினித் தமிழ், மொழிபெயர்ப்பு, தமிழ்க் குரல் செயலிகளுக்கான தரவு சரிபார்ப்பு என்று கதவுகள் திறந்திருக்கின்றன.

நம்ம ஊரிலேயே ஐடி வேலை கிடைக்குமா, அல்லது சென்னை, பெங்களூருக்குப் போயே ஆக வேண்டுமா?

முதல் வேலைக்கு வெளியூர் போகத் தயாராக இருங்கள். கங்கைகொண்டானில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலம் இருக்கிறது. சின்டெல் என்ற பெயரில் வந்து, 2018-ல் அடோஸ் வாங்கிய நிறுவனத்தின் வளாகமும் அங்கேதான். தென்காசியில் ஜோஹோ. தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் மினி டைடல் பூங்கா என்ற ஐடி வளாகத்தைத் திறந்தார்கள். ஆனால் நம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வரும் அத்தனை பேருக்கும் இந்த இடங்கள் போதாது. இரண்டு மூன்று ஆண்டுகள் வெளியூரில் வேலை கற்றுக்கொண்டு, அனுபவத்தோடு திரும்பி வந்து இங்கே சேருகிறவர்களைப் பார்க்கிறேன். அது நல்ல வழியாகத் தெரிகிறது.

இன்டர்ன்ஷிப், அப்ரண்டிஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. இன்டர்ன்ஷிப் என்பது படிக்கும்போதே சில வாரங்களோ மாதங்களோ போய்ப் பழகுவது. அதற்கு உதவித்தொகை தருவதும் தராததும் கம்பெனியின் விருப்பம். அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. ஒப்பந்தம், பதிவு, உதவித்தொகை எல்லாம் உண்டு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் நாட்ஸ் என்ற தேசிய அப்ரண்டிஸ் திட்டம். சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் அதை நடத்துகிறது. 2019-ல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தார்கள். முடித்ததும் மத்திய அரசின் சான்றிதழ் கிடைக்கும்.

மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் கூடங்குளமும் அப்ரண்டிஸ் எடுப்பதற்கு அறிவிப்பு விடுவதுண்டு. நம் பிள்ளைகள் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் நாட்களைவிட ஓர் ஆண்டு அப்ரண்டிஸ் நூறு மடங்கு மேல்.

எத்தனை சர்டிபிகேட் வாங்கினால் வேலை கிடைக்கும்?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை.

சர்டிபிகேட் உள்ளே நுழைய உதவும். உட்கார்ந்த பிறகு கேட்பது, "நீ என்ன செய்தாய், சொல்லு" என்பதுதான். முக்கூடல் பக்கத்து மாணவி ஒருத்தி, பி.சி.ஏ. இறுதியாண்டு. அம்மா பீடி சுற்றுகிறவர். தோழிகள் காசு கொடுத்து ஃபைனல் இயர் புராஜெக்ட் வாங்கியபோது இவள் தன் தெருப் பீடிக்கடைக்கு ஒரு கணக்கு மென்பொருள் எழுதினாள். யாருக்கு எவ்வளவு இலை, எவ்வளவு தூள் கொடுத்தது, எத்தனை கட்டு திரும்ப வந்தது, சரியில்லை என்று கழித்தது எவ்வளவு, வாரக் கூலி எவ்வளவு. பார்க்க எளிமையான ஸ்கிரீன்தான்.

நேர்காணலில் கேட்டவர் அதைப் பிடித்துக்கொண்டார். "ஒருவர் இன்று வாங்கிய இலைக்கு நாளை மறுநாள் கட்டு கொண்டுவந்தால் எந்தத் தேதியில் கணக்கு வைப்பாய்?" கொடுத்ததற்கு ஒரு டேபிள், வந்ததற்கு ஒரு டேபிள், இரண்டுக்கும் நடுவில் பாக்கி என்று அவள் தாளில் வரைந்து காட்டினாள். "கழித்த பீடியை ஏன் தனிக் கட்டமாக வைத்தாய்?" என்று கேட்டார். "கழிப்பதில்தான் சார் தினமும் சண்டை வரும், அதனால் அது தனியாகத் தெரியணும்" என்றாள். அவள் ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. ஆனால் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் அவளிடம் இருந்தது, ஏனென்றால் செய்தது அவள். வேலை கிடைத்தது.

புராஜெக்ட்டை விலைக்கு வாங்கினால் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடும். அதனால் சொல்கிறேன்: ஒரு பயிற்சியில் சேர்ந்தால் அதைக் கொண்டு ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். சொந்தக்காரர் கடைக்கு ஸ்டாக் கணக்கு, ஊர்க் கோயில் வரிக் கணக்கு, வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து உங்கள் ஊருக்குப் போகும் பஸ் நேரம். எதுவானாலும் சரி, உண்மையில் யாராவது பயன்படுத்த வேண்டும். பயன்படுத்துகிறவர் குறை சொல்வார். அந்தக் குறையைச் சரி செய்யும்போதுதான் நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். அதை கிட்ஹப்பில் (புரோகிராம்களைச் சேமித்து மற்றவர்களுக்குக் காட்டும் இணையதளம்) போட்டு வையுங்கள்.

இலவசமாகக் கற்க இன்போசிஸ் ஸ்பிரிங்போர்டு இருக்கிறது. ஐஐடிக்கள் நடத்தும் என்பிடெல் இருக்கிறது, அதில் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம், சில பாடங்களுக்குத் தமிழிலும் உரை கிடைக்கிறது.

தமிழ் மீடியத்தில் படித்தவன். ஆங்கிலம்தான் பயம்.

பயம் நியாயமானது. பாடம் புரிந்திருந்தும் வாய் திறக்க முடியாமல் வெளியே வந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படும். ஆனால் கம்பெனி எதிர்பார்ப்பது மேடைப் பேச்சு இல்லை. நீங்கள் செய்த வேலையைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் விளக்க வேண்டும். ஒரு மின்னஞ்சலைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். கேட்ட கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேட்கத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் பழக்கத்தில் வருபவை.

முதலில் உங்கள் புராஜெக்ட்டைத் தமிழிலேயே ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் சொல்லிப் பாருங்கள். தமிழில் தடுமாறினால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை, புரிதலில் இருக்கிறது. தமிழில் சரளமாக வந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, போனில் ரெக்கார்டு செய்து கேளுங்கள். விடுதி மாடியிலோ வீட்டுத் திண்ணையிலோ தினமும் செய்யலாம். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். முதல் ஆண்டிலேயே தொடங்கினால் மூன்றாம் ஆண்டில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பொம்பளப் பிள்ளையைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப யோசனையாக இருக்கிறது.

யோசிப்பதில் தப்பில்லை. வேண்டாம் என்று முடிவு செய்யும் முன் விசாரியுங்கள் என்பதே என் வேண்டுகோள். எங்கே தங்குவாள், இரவு ஷிப்ட் உண்டா, கம்பெனி வண்டி வருமா, முன்பே அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண் யார் என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான தமிழக அரசின் தோழி விடுதிகள் தாம்பரம் உட்படப் பல ஊர்களில் இருக்கின்றன. கல்லூரியில் சொன்னால் ஏற்கெனவே அங்கிருக்கும் முன்னாள் மாணவியின் எண்ணைக் கேட்டு வாங்கித் தருவோம். அவளிடம் அம்மாவே பேசட்டும். பேசிய பிறகு அனுப்பாத பெற்றோர் மிகக் குறைவு. கங்கைகொண்டான் சோலார் தொழிற்சாலையும் பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்திருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம்.

ஆஃபர் கையில் இருந்தும் வீட்டில் மறுத்துவிட்டதால் போகாமல் நின்ற பெண்களின் பெயர்கள் எனக்கு மறப்பதில்லை. மூன்று வருடம் படிக்க வைத்தது அந்தப் பிள்ளை தன் காலில் நிற்பதற்குத்தானே? அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பரிலிருந்து வருகிறது. பையன்களுக்கு அதேபோலத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் முதல். அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது நெட் ரீசார்ஜுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

"இத்தனை ஆயிரம் கட்டினால் பயிற்சியும் வேலையும் உறுதி" என்று போன் வருகிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். வேலைக்கு எடுக்கும் கம்பெனி உங்களிடம் டெபாசிட் கேட்காது. ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் ஆஃபர் லெட்டர், இன்றே பணம் அனுப்பு என்ற அவசரம், நேர்காணலே இல்லாமல் தேர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விலகிவிடுங்கள். கம்பெனி பெயரை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். அது சைபர் குற்ற உதவி எண். வீட்டில் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைத்து வைப்பதால்தான் பணம் திரும்புவது கடினமாகிறது.

காசு கொடுத்தால் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் மட்டும் அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. அதுவும் வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் கிடைத்த வேலையும் போகும்.

பாண்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் கேட்கிறார்கள்.

ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரிகளே மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசியும் ஏஐசிடிஇயும் சொல்லியிருக்கின்றன. பாண்ட் என்பது இத்தனை காலம் வேலையை விட்டு விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு, பயிற்சிக் காலமும் அதில் சேருமா என்ற மூன்றையும் எழுத்தில் பாருங்கள். புரியவில்லை என்றால் கையெழுத்துப் போடும் முன் பிளேஸ்மென்ட் அலுவலரிடம் கொண்டுவாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி கோடிங் படித்து என்ன பயன்?

எளிய புரோகிராமை அது எழுதிவிடுகிறது, உண்மை. அது எழுதியது சரியா என்று பார்க்கவும், தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவும், வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன தேவை என்று கேட்டறியவும் ஆள் வேண்டும். பீடிக்கடைக் கணக்கில் கழிவைத் தனியாக வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது தெருவைப் பார்த்ததால். கருவியைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது தந்த ஒவ்வொரு வரியையும் விளக்க முடியாமல் ஒப்படைக்காதீர்கள்.

சொந்த லேப்டாப் இல்லை. போனில் கற்க முடியுமா?

வீடியோ பார்க்கலாம், பழக முடியாது. கல்லூரி லேபை மாலையில் கூடுதல் நேரம் திறந்து வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் திறப்பார்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் பாருங்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

நான் இங்கே படித்து இப்போது வெளியூரில் ஐடி வேலையில் இருக்கிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

அண்ணாச்சி, உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்கு வேண்டும். கம்பெனி அனுமதி, எம்ஓயு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு செமஸ்டருக்கு ஐந்து மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவர்கள் செய்ததைப் பாருங்கள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், எங்கே தவறு என்று காட்டுங்கள். பொங்கலுக்கோ ஆனித் தேருக்கோ ஊருக்கு வரும்போது ஒரு மதியம் கல்லூரிக்கு வந்து மாதிரி நேர்காணல் நடத்துங்கள். உங்கள் அலுவலகத்தில் பழைய லேப்டாப்களை ஒதுக்கும்போது எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்த கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலருக்கே நேரடியாக எழுதலாம். ஜூனிலோ டிசம்பரிலோ, செமஸ்டர் தொடங்கும் முன் எழுதினால் கால அட்டவணையிலேயே உங்களுக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைக்க முடியும்.